சமையலறை நாற்காலியில் எடுத்த அளவு

வலி வலது தோளில் பிடித்து, கழுத்துக்கு ஏறி, காதுக்குப் பின்னால் போய் நின்றது. சனிக்கிழமை காலை அவளால் சட்டைக் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. தலை வாருவதற்கு இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கிவிட வேண்டியிருந்தது. சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது. மீதியை அப்படியே விட்டுக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து உடம்பால் பிழைத்தவள். செங்கல் சுமந்திருக்கிறாள். நூல் ஆலையில் நாள் முழுக்க நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரித் தரையைக் குனிந்து துடைத்திருக்கிறாள். அதற்கெல்லாம் வராத வலி, உட்கார்ந்த இடத்தில் கார் ஓட்டியதற்கு வந்திருக்கிறது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கணவனிடம் சொன்னாள், சிரித்தான்.

"மெத்து மெத்துனு சீட்டுல உக்காந்து போறதுக்கு வலியா?"

அவன் வெல்டர். தீப்பொறி பறக்காத வேலை எதுவும் அவன் கணக்கில் வேலை இல்லை.

கார் பழையது. அவளுக்கும் கொழுந்தனுக்கும் பொது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு நோயாளிகளைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கூட்டிவரும் ஓட்டம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவள் ஓட்டுவாள், இரண்டிலிருந்து இரவு வரை கொழுந்தன். அவள் நாலே முக்கால் அடி. அவன் ஆறடியைத் தாண்டி இன்னும் கொஞ்சம். தெருவில் எல்லோரும் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு லிவர் உண்டு. இழுத்தால் ஸ்டீயரிங் தளர்ந்து ஏறவும் இறங்கவும் செய்யும்; தள்ளினால் வைத்த உயரத்தில் பூட்டிக்கொள்ளும். இந்த வண்டியில் பூட்டும் பல் தேய்ந்து போயிருந்தது. உச்சியில் வைத்தால் நிற்கும். அவளுக்கு வேண்டிய உயரத்தில் வைத்தால் முதல் பள்ளத்தில் 'டக்' என்று மடியில் விழும். அதனால் ஏழு மாதமாக ஏணியின் உயரத்திலேயே அவளும் ஓட்டினாள். வண்டி ஓட்டினாள் என்பதைவிட எட்டு மணி நேரம் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என்பதுதான் பொருத்தம்.

அந்தச் சனிக்கிழமை மையத்தில், தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றவளை உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண் பார்த்துவிட்டாள். காருக்கே வந்து, அவளை உட்காரச் சொல்லிப் பார்த்தாள்.

"கை ரெண்டும் தோளுக்கு மேல இருக்கு. இப்படி வச்சா வலிக்காம என்ன செய்யும்? முதுகை சீட்டுல ஒட்டி வைங்க. கையை நீட்டுனா மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல வந்து உக்காரணும். பிடிக்கும்போது முழங்கை லேசா மடங்கணும், கை தோளுக்குக் கீழ இருக்கணும். இதை இறக்குங்க முதல்ல."

"இறக்கினா விழுந்துடுதே."

"அப்ப சரி பண்ணுங்க. வியாழக்கிழமை செக்கிங் வருது, தெரியும்ல?"

தெரியாது. அறிவிப்புப் பலகையில் போய்ப் படித்தாள். மையத்துக்கு ஓடும் எல்லா வண்டியையும் ஓட்டுநரையும் பாதுகாப்பு அதிகாரி பார்ப்பார். ஓட்டுநர் உட்காரும் நிலை, சீட், ஸ்டீயரிங், பெல்ட், பிரேக். சரியில்லை என்றால் அன்றே ஓட்டம் ரத்து. அந்த ஓட்டம் போனால் அவளுக்கு மறுபடி தரை துடைக்கும் வாளிதான். அந்த வாளியைக் கீழே வைக்க அவளுக்குப் பதினோரு வருஷம் ஆனது.

மதியம் வண்டியை ஏணியிடம் ஒப்படைக்க வீட்டுக்கு வந்து, தட்டைப் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவனும் ஏணியும் எதிரில் இருந்தார்கள்.

"மேல வச்சாத்தான் நிக்குது. மேல வச்சா என் தோள் போகுது. இப்படியே போய் உக்காந்தா அந்த அதிகாரி என்னை இறக்கிவிட்டுடுவாங்க."

"அண்ணி, ஒரு தலகாணி போட்டு உக்காருங்க," என்றான் ஏணி. "நீங்க உசந்துட்டா ஸ்டீயரிங் தன்னால இறங்கின மாதிரிதானே?"

"போட்டுப் பார்த்துட்டேன். கால் எட்டல. பிரேக் மிதிக்க நீ கூட வர்றியா?"

"எனக்கு ரெண்டு மணிக்குத்தானே டூட்டி."

"மூணு மாசமா சொல்றேன், அந்தப் பல்லை மாத்துன்னு. உனக்கு இடிக்கலைன்னா உலகத்துல யாருக்கும் இடிக்காது."

கணவன் அதுவரை மென்றுகொண்டிருந்தான். "இப்ப என்ன, நிக்கணும். அவ்வளவுதானே?"

"நிக்கணும், ஏறணும், இறங்கணும். தம்பிக்கு ஒரு உசரம், எனக்கு ஒரு உசரம்."

அவன் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்தது. ஆடுகிற எதையும் அந்த ஆளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கட்டில் கால் ஆடினால் வெல்டு. வாளிக் காது ஆடினால் வெல்டு. ஒருமுறை படுக்கையறை ஜன்னல் கொக்கி காற்றில் தடதடக்கிறது என்று அதையும் பற்றவைத்தான். சத்தம் நின்றது. ஜன்னலும் அதோடு திறப்பதில்லை.

இடுப்புப் பையிலிருந்து டேப்பை எடுத்தான். குனிந்து, தரையிலிருந்து அவள் தொடை வரை அளந்தான். தொடையிலிருந்து முழங்கை வரை அளந்தான். அவள் வலிக்கிற தோளைச் சாய்த்து, முதுகைக் கூன் போட்டு, தட்டுக்கு மேல் கவிழ்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"நீ சாப்பிடு."

சீட்டுக்கு அடியில் வைக்க ஏதோ பலகை செய்யப் போகிறான் என்று நினைத்தாள். கேட்டிருக்க வேண்டும். தூக்கம் கண்ணை அழுத்தியது. கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. ஏணியை ஓட்டச் சொல்லித் தன் பட்டறைக்குக் கொண்டுபோன கணவன், சாயங்காலம் அதே போலத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தவைத்தான். ஏணி காரைவிட்டு இறங்கிய விதமே சரியில்லை. முதலில் ஒரு காலை வெளியே இழுத்தான், பிறகு இன்னொன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். நேராகக் குழாயடிக்குப் போய் முழங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

"ஏறி உக்காரு," என்றான் கணவன். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "இனிமே ஜென்மத்துக்கும் ஆடாது."

அவள் கதவைத் திறந்து காலை உள்ளே விட்டாள். தொடை ஸ்டீயரிங் வளையத்தில் இடித்தது. உடம்பை நெளித்து உள்ளே போனாள். உட்கார்ந்ததும் வளையத்தின் அடிப்பக்கம் இரண்டு தொடைமேலும் படிந்தது. மேல்பக்கம் வேகம் காட்டும் முள்ளைச் சரியாக மறைத்தது. லிவரைத் தேடிக் கையைக் கீழே விட்டாள். சூடு ஆறாத இரும்புக் கட்டி ஒன்றுதான் தட்டுப்பட்டது.

"லிவர் எங்க?"

"அது எதுக்கு இனிமே? அறுத்துட்டேன்."

"அறுத்துட்டியா?" கோபத்தில் 'நீங்க' போய்விட்டது. "என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"உன் அளவுதான். டேப் வச்சு எடுத்தேன்ல. நீ சாப்பிடும்போது."

"சாப்பிடும்போது நான் காரா ஓட்டிக்கிட்டிருந்தேன்?"

அவனுக்குப் புரியவில்லை. சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை அவன். சமையலறை நாற்காலி நிமிர்ந்த நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் கீழே மடங்கும். கார் சீட் தாழ்ந்து, பின்னால் சாய்ந்து கிடக்கும். கால் முன்னால் நீளும், முழங்கால் மேலே எழும்பும். அதே உடம்புதான். உட்காரும் இடம் மாறினால் அளவு மாறுகிறது. இதை அவள் வாயால் சொன்னாள், கையால் காட்டினாள், நாற்காலியையே வாசலுக்குத் தூக்கிவந்து காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து காட்டினாள்.

"ரெண்டு இஞ்சு முன்ன பின்ன இருக்கும். பழகிடும்," என்றான் அவன்.

"தம்பி, நீ சொல்லு. உனக்குப் பழகிடுச்சா?"

ஏணி ஈர முழங்காலோடு வந்தான். "பட்டறையிலருந்து தவளை மாதிரி உக்காந்து வந்தேன் அண்ணி. ஒரு திருப்பத்துல, இது கார் ஓட்டுறதா முட்டை போடுறதான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"அண்ணன்கிட்டயே நக்கலா? வெல்டைப் பாருடா. ஒரு ஓட்டை இருக்கா, ஒரு திட்டு இருக்கா?"

"வெல்டுல ஒண்ணும் இல்லண்ணே. ஓட்டுறதுக்கு எடமும் இல்ல."

அன்று இரவு அவள் ஜன்னல் திறக்காத அறையில் புழுங்கிக்கொண்டு, தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். வண்டி பழுது என்று மையத்துக்குச் சொல்லிவிடலாம். சொன்னால், செக்கிங் வருகிற வாரத்திலேயே பழுதா என்று கேட்பார்கள். பெயருக்கு நேராக ஒரு கோடு விழும். திங்கட்கிழமை காலை ஒரே ஒரு நடை. மெதுவாகப் போய்விட்டு நேராக மெக்கானிக்கிடம் போய்விடலாம். இப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தப்பு என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் அவள் கூட்டிப்போகும் ஆள் ஒரு தையல்காரர். அறுபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாக மெஷின்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். பின்சீட்டில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வருவது அவர் வழக்கம்.

"அங்க பாரு, தோள்பட்டை முழங்கையில தொங்குது. தைச்சவனைக் கட்டிவச்சு அடிக்கணும்."

அன்றைக்கு அது அவள் காதில் விழவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோக, தொடையை இறுக்கி வளையத்துக்கு அடியில் உருவ வேண்டியிருந்தது. திருப்பங்களில் வளையம் கால்சட்டைத் துணியைக் கூடவே இழுத்துக்கொண்டு சுற்றியது.

நாலு ரோடு சேரும் இடத்தில், குப்பை வண்டி தள்ளும் பெண் நடைபாதையிலிருந்து இறங்கினாள். ஓட்டியவள் அவளைப் பார்த்துவிட்டாள். நேரம் இருந்தது. காலை எடுத்தாள். தொடை வளையத்தில் முட்டி நின்றது. பாதம் பிரேக்கின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. கைப்பிரேக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். கார் சறுக்கி, குப்பை வண்டியில் இடித்து நின்றது. தகரத் தொட்டி கவிழ்ந்தது. அந்தப் பெண் ஒரு முழம் தள்ளி, விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அடுத்த கணம் குப்பைக்காரியின் வாய் திறந்தது. "கண்ணு பொடனியிலயா இருக்கு? எமன் அனுப்பிச்ச ஆளாடீ நீ? ரோட்டைக் கூட்டுறவதானேன்னு மேல ஏத்திட்டுப் போயிடலாமா?"

"அடி பட்டுச்சா? பட்டுச்சான்னு சொல்லுங்கக்கா."

"பட்டிருந்தா பேசிக்கிட்டா இருப்பேன்?"

அவள் இறங்கி, கவிழ்ந்த குப்பையை இடது கையால் வாரித் தொட்டியில் போட்டாள். வலது கை தோளுக்கு மேல் வரவில்லை. குப்பைக்காரி திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே தானும் வாரினாள்.

திரும்பி வந்தபோது தையல்காரர் பின்சீட்டிலிருந்து எட்டி முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மா, அந்த ஸ்டீயரிங்குக்கு அளவு எடுத்தது யாரு?"

"வீட்டுக்காரரு."

"எங்க வச்சு எடுத்தாரு?"

"சமையலறை நாற்காலியில. சாப்பிடும்போது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். "படுத்திருந்த ஆளுக்குக் கால்சட்டை அளவு எடுத்துட்டு வந்தான் ஒருத்தன், என் கடையில. அன்னிக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிட்டேன். மா, என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு இதை நிறுத்திடு. திரும்பிப் போக என் பொண்ணை வரச் சொல்லிக்கிறேன்."

"மையத்துல..."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கு என் வேலை இருக்கு."

மீதி தூரத்தை இரண்டாவது கியரில் ஊர்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரனால் வசை பாடினார்கள். அவரை இறக்கிவிட்டு, அதே வேகத்தில் மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, விளக்கடித்துப் பார்த்தான். தலையை வெளியே எடுக்கவே நேரமானது.

"எந்தப் புண்ணியவான் செஞ்சது அக்கா?"

"அரை மணி நேரத்துல வருவாரு. வரச் சொல்லியிருக்கேன்."

கணவன் இரும்பு சீவும் கிரைண்டரோடு வந்தான். பற்றவைத்த இடத்தைச் சீவி எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்பது அவன் கணக்கு. மெக்கானிக் அவனையும் குனிந்து பார்க்கச் சொன்னான்.

"வெல்டு அருமைண்ணே. பொய் சொல்லலை. ஆனா சூட்டுல இதைத் தாங்குற பிராக்கெட்டு முறுக்கிக்கிச்சு, பாருங்க. சீவினாலும் நேரா நிக்காது. அதை விடுங்க. முன்னாடி வண்டி இடிச்சா இந்த ஸ்டீயரிங் தண்டு உள்ளுக்குள்ள மடங்கணும். அதுக்குன்னு செஞ்சு வச்சது. நீங்க கட்டி வச்சுட்டீங்க. இனி இடிச்சா இது மடங்காது. நேரா ஓட்டுறவங்க நெஞ்சுக்குள்ள வரும்."

கணவன் கிரைண்டரைக் கீழே வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை வரும் என்று நின்றாள்.

"பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் வெல்டு வச்சேன்," என்றான் அவன்.

"நல்ல வேளை. இல்லன்னா ஏர்பேக் உங்க மூஞ்சியிலயே வெடிச்சிருக்கும்."

"அருமையா இருக்குன்னு அவனே சொல்றான் பாரு," என்று வெளியே வந்ததும் கணவன் அவளிடம் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். கை தலை வரை போகவில்லை.

முழுத் தண்டையும் மாற்ற வேண்டும். புதிது வரப் பத்து நாள். வியாழனுக்கு மூன்று நாள். வண்டி உடைக்கிற இடத்தில் இதே மாடல் கிடக்கும், பின்னால் இடிபட்ட வண்டியாகப் பார்த்துக் கழற்றி வாருங்கள், முன்னால் அடிபட்டது வேண்டவே வேண்டாம் என்றான் மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை அவளும் ஏணியும் போனார்கள். மூன்று வண்டி கிடந்தது. இரண்டுக்கு மூக்கே இல்லை. மூன்றாவதற்குப் பின்பக்கம் நசுங்கி, முன்பக்கம் முழுசாக இருந்தது. அங்கிருந்த ஆள் ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடிப்பக்க நாலு போல்ட்டை நீங்களே பாருங்கள், எனக்குத் தொப்பை மடங்காது என்று போய்விட்டான். ஏணியின் தோள் அந்த இடுக்கில் நுழையவில்லை. அவள்தான் சீட்டில் தலைகீழாகப் படுத்து, பெடலுக்குப் பக்கத்தில் தலையை வைத்து, ஸ்பானரைப் பிடித்தாள். துருப்பொடி கண்ணில் விழுந்தது. ஒவ்வொரு திருகலுக்கும் தோளுக்குள் ஊசி இறங்கியது.

"குட்டையா இருக்கிறதுலயும் ஒரு லாபம் இருக்கு அண்ணி."

"வாயை மூடிக்கிட்டு விளக்கை நேராப் பிடி. மூணு மாசத்துக்கு முன்னாடி மாத்தியிருந்தா நான் ஏன்டா இங்க தலைகீழாக் கிடக்கப் போறேன்?"

விளக்கை நேராகப் பிடித்தான்.

"நாளைக்குத் தையல்காரரைக் கூட்டிட்டுப் போகணும். ஏழு மணிக்கு அவருக்கு மெஷின்."

"நேத்திலருந்து மத்த ஓட்டத்தைப் பார்த்துக்கிற அதே கூட்டாளி கார் இருக்கு அண்ணி. பேசிட்டேன். ஆறரைக்கு அவர் வாசல்ல நிப்பான். நீங்க அதை மறந்துடுங்க."

அவள் மறந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை மெக்கானிக் பழைய தண்டை வெளியே உருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி ஆறே முக்கால்.

"மா, வண்டி வரலையே," என்றார் தையல்காரர்.

"அஞ்சு நிமிஷம் ஐயா. வந்துக்கிட்டே இருக்கு."

ஏணியை அழைத்தாள். ஏணி கூட்டாளியை அழைத்தான். கூட்டாளி எடுக்கவில்லை. இன்னொருவனைத் தேடினான். மையத்தில் அவசரத்துக்கென்று ஒரு வேன் நிற்கும்; ஒரு போன் போட்டால் போதும், பத்து நிமிஷத்தில் அவர் வாசலில் இருக்கும். போட்டால், உன் வண்டி எங்கே என்று கேட்பார்கள். எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். மெக்கானிக் சாவி கேட்டான், கொடுத்தாள். ஏழு மணிக்கு மறுபடி போன். "அஞ்சு நிமிஷம் ஐயா." ஏழேகாலுக்கு மறுபடி. அதே அஞ்சு நிமிஷம். ஏணி யாரோ ஒருவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பி, அவர் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் பதினொன்றரைக்கு. இடையில் மெஷினைக் கழுவ அரை மணி நேரம் வேண்டும். மூன்று மணி நேரத்திலேயே, பதினொரு மணிக்கு அவரை எழுப்பிவிட்டார்கள்.

மதியம் வண்டி தயார். அவள் உட்கார்ந்தாள். முதலில் சீட்டை முன்னால் தள்ளி, பிரேக்கை அடி வரை மிதித்தும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி வைத்தாள். பிறகு முதுகுச் சாய்மானத்தை நிமிர்த்தினாள். கடைசியில் லிவரை இழுத்து, ஸ்டீயரிங்கை இறக்கி, பூட்டினாள். குலுக்கிப் பார்த்தாள். நின்றது. தொடைக்கு மேல் ஒரு கை போகும் இடம். வளையத்துக்கு நடுவில் வேகமுள் முழுசாகத் தெரிந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை அவள் கை தோளுக்குக் கீழே இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. இதற்காக நாலு நாள்.

வியாழக்கிழமை ஒன்பது வண்டி வரிசையில் நின்றது. அதிகாரி ஒல்லியான பெண், கையில் அட்டை. அவளை உட்காரச் சொன்னாள், மணிக்கட்டை வளையத்தின் மேல் வைக்கச் சொன்னாள், நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். லிவரை இரண்டு தடவை இழுத்துத் தள்ளினாள்.

"தண்டு மாத்தியிருக்கீங்களா?"

"பல் தேஞ்சு போச்சு மேடம். மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்காரு."

அதிகாரி காகிதத்தைப் படித்து அட்டையில் செருகிக்கொண்டாள். "பேஷன்ட்ஸ்கிட்டருந்து புகார் ஏதாவது இருக்கான்னும் பார்த்தேன். உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல. நல்லது. அடுத்த வண்டி."

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வாய் கசந்ததுதான் மிச்சம்.

வீட்டில் சொன்னபோது கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "பார்த்தியா? நான் அன்னிக்கு அதைக் கையில எடுக்கலைன்னா நீங்க ரெண்டு பேரும் இன்னும் அந்தத் தேஞ்ச பல்லோடதான் சுத்திக்கிட்டிருப்பீங்க."

ஏணி அவளைப் பார்த்தான். அவள் எழுந்து போய்க் குழாயடியில் தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு முன்பே தையல்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். அவர் ஷூ போடவில்லை. கால் வீங்கி ஷூவுக்குள் போகவில்லை போல. ரப்பர் செருப்பின் பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு முன்னால் எட்டிப் பார்த்தார். "இப்ப அளவு சரியா இருக்கு."

வழியில் எவன் சட்டையையும் அவர் திட்டவில்லை.

"ஐயா, புதன்கிழமை..."

"சொல்லாதே மா. நீ மன்னிச்சிடுங்கன்னு சொன்னா, நான் பரவாயில்லன்னு சொல்லணும். ஆனா பரவாயில்லன்னு சொல்ற மாதிரி இல்ல. படுக்க முடியல. ரெண்டு நாளா உக்காந்துக்கிட்டே தூங்குறேன்."

"நான் மையத்து வேனைக் கூப்பிட்டிருக்கணும்."

"ஆமா," என்றார். "கூப்பிட்டிருக்கணும்."

நாலு ரோடு சேரும் இடத்தில் பிரேக் மிதித்தாள். கால் தடையில்லாமல் போனது. கார் கோட்டுக்கு முன்னால் அலுங்காமல் நின்றது.

மையத்தில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்த நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், இன்னிக்கு இவருக்கு ஒரு மணி நேரம் சேர்த்துப் போடுவீங்களா? புதன்கிழமை குறைஞ்சு போச்சு."

"எப்படிங்க முடியும்? பதினொன்றரைக்கு அடுத்த ஆள் வந்துடுவாங்க. சாயங்காலமும் ஃபுல், நாளைக்கும் ஃபுல். ஞாயித்துக்கிழமை லீவு. லேட்டா வந்தா நாங்க என்ன செய்ய?"

"அவரு லேட்டா வரல. என் வண்டிதான் வரல."

நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அதை நோட்டுல எழுதட்டுமா?"

"எழுதுங்க."

நர்ஸ் எழுதவில்லை, கையில் வேலை இருந்தது. தையல்காரர் கண்ணை மூடிக் கையை நீட்டிக் கொடுத்திருந்தார். மெஷின் சுற்ற ஆரம்பித்தது, ஏழிலிருந்து பதினொன்று வரை, நாலு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது.

அவள் வண்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை மெஷினில் ஒரு மணி நேரம். தையல்காரருக்கு அவள் தர வேண்டியது அது. இன்னும் தரவில்லை.